உங்கள் மனை எவ்வளவு ஆடும்? நிலநடுக்க அபாயத்தை மதிப்பிட ஒரு முழுமையான வழிகாட்டி

1993 செப்டம்பர் 30, அதிகாலை 3.56 மணி. மகாராஷ்டிரத்தின் லாத்தூர் மாவட்டத்தில் கில்லாரி என்ற ஊரும் அதைச் சுற்றியிருந்த கிராமங்களும் சில விநாடிகளில் மண்மேடாயின. விநாயகர் சிலைகளைக் கரைத்துவிட்டு வந்து அசந்து தூங்கியவர்கள் மேல், மண் சாந்து வைத்துக் கட்டிய கருங்கல் சுவர்களும் கனத்த மண் கூரைகளும் சரிந்தன. இறந்தவர்கள் 8,000 முதல் 10,000 பேர் வரை என்று வெவ்வேறு கணக்குகள் சொல்கின்றன. நடுக்கத்தின் அளவு 6.2தான். ஜப்பானில் இந்த அளவுக்கு இவ்வளவு உயிர்ப்பலி நேராது.

அன்றைய இந்திய நிலநடுக்க வரைபடத்தில் கில்லாரி இருந்தது மண்டலம் 1இல். நாட்டிலேயே மிகப் பத்திரமான இடம் என்று பொருள். வரைபடம் போட்டவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட முடியாது. அங்கே பெரிய நடுக்கம் வந்ததாக அவர்கள் கையிலிருந்த பட்டியலில் பதிவு இல்லை, அதனால் வராது என்று வைத்துக்கொண்டார்கள். தீபகற்ப இந்தியா போன்ற அமைதியான நிலத்தில் அபாயத்தைக் கணக்கிடுவதன் மொத்தச் சிக்கலும் இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது. பட்டியல் வாய்மூடி இருந்தால் அதை எப்படிப் படிப்பது?

கட்டடப் பொறியியல் படிப்பவர்கள், அடுக்குமாடி கட்டப் போகிறவர்கள், நிலநடுக்க ஆய்வறிக்கை ஒன்று கைக்கு வந்து அதில் என்ன எழுதியிருக்கிறது என்று விழிப்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கணக்கு கொஞ்சம் வரும். பத்தாம் வகுப்புக் கணக்கு போதும்.

தொடங்கும் முன்

மூன்று கேள்விகளை மக்கள் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். அடுத்த நடுக்கம் எப்போது, எங்கே வரும் என்பது முதல் கேள்வி. இதற்கு நாள் குறித்துப் பதில் சொல்ல உலகில் யாராலும் முடியாது. சொல்கிறவரை நம்ப வேண்டாம். குறிப்பிட்ட ஓர் இடத்தில், குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள், நிலம் இவ்வளவு வேகமாக ஆட எவ்வளவு வாய்ப்பு என்பது இரண்டாவது. அபாய மதிப்பீடு என்பது இதுதான். ஆடினால் எத்தனை வீடு விழும், எத்தனை பேர் சாவார்கள், எவ்வளவு பணம் போகும் என்பது மூன்றாவது. யாருமே வசிக்காத பாலைவனத்தில் இரண்டாவதன் விடை பெரிதாக இருக்கலாம், மூன்றாவதன் விடை பூஜ்யம். கில்லாரியில் நேர்ந்தது இதற்கு நேர் எதிர்.

ரிக்டர் அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. செய்திகளில் இன்னும் அந்தப் பெயர்தான் ஓடுகிறது. ஆய்வாளர்கள் இப்போது பெரும்பாலும் பயன்படுத்துவது திருப்புத்திறன் அளவு (பாறை முறிந்த பரப்பையும் அது வழுக்கிய தூரத்தையும் வைத்துக் கணக்கிடுவது). எதுவாக இருந்தாலும் ஓர் எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்காகும். அளவு என்பது நடுக்கத்துக்கு ஒன்றுதான். செறிவு ஊருக்கு ஊர் மாறும். உங்கள் மனைக்குத் தேவையானது செறிவு, அதாவது உங்கள் தரை எவ்வளவு ஆடும் என்பது. பொறியாளர்கள் அதை முடுக்கமாக, புவியீர்ப்பு முடுக்கமான ஜி-யின் பங்காகச் சொல்வார்கள். 0.1 ஜி என்றால் கட்டடத்தின் எடையில் பத்தில் ஒரு பங்கு விசை பக்கவாட்டில் தள்ளுவது போல என்று வைத்துக்கொள்ளலாம்.

படி 1: மண்டலத்தைப் பாருங்கள், அங்கேயே நின்றுவிடாதீர்கள்

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 1893 விதித்தொகுப்பில் நாட்டின் மண்டல வரைபடம் இருக்கிறது. 2016 பதிப்பின்படி நான்கு மண்டலங்கள்: 2, 3, 4, 5. எதிர்பார்க்கும் ஆட்டத்தை ஜி-யின் பங்காகச் சொல்லும் அவற்றின் மண்டல எண்கள் முறையே 0.10, 0.16, 0.24, 0.36. சென்னையும் கோவையும் மண்டலம் 3, மதுரையும் திருச்சியும் மண்டலம் 2. இந்த வழிகாட்டி முழுவதும் 2016 பதிப்பின் எண்களையே எடுத்துக்கொள்கிறேன். விதிகள் திருத்தப்பட்டுக்கொண்டே இருப்பவை; உங்கள் பொறியாளர் எந்தப் பதிப்பை வைத்துக் கணக்குப் போடுகிறார் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மண்டலம் 1 எங்கே போனது? கில்லாரிக்குப் பிறகு, 2002 திருத்தத்தில், அதை மண்டலம் 2உடன் சேர்த்துவிட்டார்கள். சென்னை 2இலிருந்து 3க்கு ஏறியதும் அப்போதுதான். அதற்கு முன்பும் இதே கதை நடந்திருக்கிறது. 1967 டிசம்பர் 11 அன்று, அபாயம் குறைவு என்று கருதப்பட்ட, மகாராஷ்டிரத்தின் கொய்னா அணைப் பகுதியில் நடுக்கம் வந்தது. 1970இல் வரைபடம் மாறியது. நடுக்கம் முன்னே போக வரைபடம் பின்னே ஓடியதுதான் நம் நாட்டின் வரலாறு.

ஆகவே மண்டல எண் என்பது சட்டம் கேட்கும் குறைந்தபட்சம். சாதாரண இரண்டு மாடி வீட்டுக்கு அதோடு நிறுத்திவிட்டு நேராக 7ஆம் படிக்குத் தாவலாம். அணை, அனல்மின் நிலையம், பெரிய மருத்துவமனை, உயரமான கட்டடம் என்றால் இடைப்பட்ட படிகள் எல்லாம் வேண்டும்.

படி 2: பட்டியலைத் திரட்டுங்கள்

மனையைச் சுற்றி 300 கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். அந்த வட்டத்துக்குள் இதுவரை பதிவான எல்லா நடுக்கங்களும் வேண்டும். தேசிய நிலநடுக்கவியல் மையம், அமெரிக்கப் புவியியல் அளவைத் துறை, பிரிட்டனில் இருக்கும் சர்வதேச நிலநடுக்கவியல் மையம் ஆகிய மூன்றின் பட்டியல்களையும் இணையத்திலிருந்தே இறக்கிக்கொள்ளலாம். மூன்றையும் சேர்த்தால் ஒரே நடுக்கம் மூன்று முறை, மூன்று வெவ்வேறு அளவுகளுடன் வந்து நிற்கும். நேரத்தையும் இடத்தையும் ஒப்பிட்டு ஒன்றாக்க வேண்டும். பழைய பதிவுகளில் உடலலை அளவு, மேற்பரப்பு அலை அளவு என்று பலவகை இருக்கும். எல்லாவற்றையும் திருப்புத்திறன் அளவுக்கு மாற்றிய பிறகே கணக்கில் எடுக்கலாம்.

கருவி வருவதற்கு முந்தைய காலத்துக்குப் பழைய ஆவணங்களைத்தான் நம்ப வேண்டும். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் முதல் தலைவர் தாமஸ் ஓல்டாம் தொகுத்து 1883இல் வெளியான பட்டியல் 1869 வரையிலான நடுக்கங்களைச் சொல்கிறது. பொக்கிஷம்தான். ஆனால் அதில் இருப்பது எழுதத் தெரிந்த ஒருவர் இருந்த ஊர்களின் நடுக்கங்கள். ராணுவ முகாம், துறைமுகம், கலெக்டர் பங்களா இருந்த இடங்களில் கோப்பை உருண்டாலும் பதிவாகியிருக்கும். காட்டுக்குள் மலை சரிந்திருந்தாலும் பதிவு இருக்காது.

நம் பக்கத்து உதாரணமே இருக்கிறது. 1900 பிப்ரவரி 8 அன்று கோவையையும் பாலக்காட்டையும் ஒரு நடுக்கம் உலுக்கியது. அளவு 6ஐ ஒட்டி இருக்கலாம் என்பது பிற்கால மதிப்பீடு. தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் அது உணரப்பட்டது. அப்போது நாட்டில் நிலநடுக்கமானிகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருந்தன. 1897 அசாம் பூகம்பத்துக்குப் பிறகு, 1898இல்தான் கல்கத்தாவின் அலிப்பூரில் முதல் நிலையம் வந்தது, 1899இல் கொடைக்கானலில். எந்த ஊரில் எவ்வளவு ஆடியது என்ற மனிதர்களின் விவரிப்பை வைத்துத்தான் கோவை நடுக்கத்தின் மையத்தைக் குறித்தார்கள். மையம் சில பத்துக் கிலோமீட்டர் இடம் மாறினால் உங்கள் மனைக்கான விடையும் மாறிவிடும்.

இனி வடிகட்ட வேண்டும். முதலில், ஒரு பெரிய நடுக்கத்தைத் தொடர்ந்து வரும் பின்னதிர்வுகளை நீக்குங்கள். பின்னால் வரும் கணக்கு, நடுக்கங்கள் ஒன்றையொன்று சாராமல் வருகின்றன என்ற அனுமானத்தில் நிற்கிறது; பின்னதிர்வுகள் அதைக் கெடுக்கும். அடுத்தது, பட்டியல் எந்த ஆண்டிலிருந்து எந்த அளவுக்கு முழுமையானது என்று கண்டுபிடிப்பது. இதைத்தான் பலர் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். அளவு 6க்கு மேற்பட்ட நடுக்கம் எதுவும் கடந்த நூறு நூற்றைம்பது ஆண்டுகளில் தப்பியிருக்காது என்று ஓரளவு நம்பலாம். அளவு 4 அப்படி இல்லை. 1960களில் கொடைக்கானல் உட்பட உலகத் தரத்திலான நிலையங்கள் வந்த பிறகே அது ஒழுங்காகப் பதிவாகத் தொடங்கியது. ஆகவே ஒவ்வோர் அளவுக்கும் வெவ்வேறு காலத்தை வைத்து வகுக்க வேண்டும். 200 ஆண்டுப் பட்டியலில் உள்ள அளவு 4 நடுக்கங்களை எண்ணி 200ஆல் வகுத்தால், கருவியே இல்லாத காலத்தையும் அமைதியான காலம் என்று சேர்த்துக்கொண்டதாகிவிடும். கில்லாரியில் சறுக்கியதும் இதே வகை எண்ணத்தால்தான்.

படி 3: நடுக்கம் எங்கிருந்து வரும்?

இமயமலை அடிவாரம் என்றால் இது ஓரளவு சுலபம். இந்தியப் புவித்தட்டு எங்கே மலைக்கு அடியில் நுழைகிறது என்று தெரியும். குஜராத்தின் கட்ச் பகுதியிலும் ஓரளவு தெரியும்: 1819இல் அங்கே வந்த பூகம்பம் சுமார் 80 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலத்தை உயர்த்தி, அல்லா பந்த் என்று மக்கள் பெயர் வைத்த ஒரு கரையையே எழுப்பியது. 2001 ஜனவரி 26 பூஜ் பூகம்பமும் அதே வட்டாரத்தில்தான், ஆனால் வேறொரு பிளவில். அதுவும் முறிவு தரைக்கு மேலே வராமல், அடியிலேயே நின்றுவிட்ட பிளவு.

தீபகற்பத்தில் நிலைமை மங்கல். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 2000இல் வெளியிட்ட நிலநடுக்க நிலவியல் வரைபடத் தொகுப்பை எடுத்தால் தமிழ்நாட்டின் மேலே கோடு கோடாக ஓடும். மோயாறு-பவானி, பாலக்காடு-காவேரி என்று பெரிய வெட்டு மண்டலங்கள், அதாவது பாறைகள் ஒன்றையொன்று உரசி நகர்ந்த பட்டைகள். இவை பல கோடி ஆண்டுகள் பழமையானவை. கோடு இருக்கிறது என்பதால் அது இன்று உயிரோடு இருக்கிறது என்று ஆகாது. செயற்கைக்கோள் படத்தில் தெரியும் நேர்கோடு பழைய எரிமலைப் பாறைச் சுவராகவும் இருக்கலாம், ஓடை வளைவாகவும் இருக்கலாம். இதற்கு எதிர்ப்பக்கம் கில்லாரி: தக்காணத்தின் கரும்பாறைப் படலம் மூடிக்கிடந்ததால் அடியில் என்ன இருக்கிறது என்றே மேலிருந்து தெரியவில்லை.

இதனால் அறிக்கை எழுதுகிறவர்கள் இரண்டு வழியில் போகிறார்கள். அடையாளம் தெரிந்த பிளவுகளை நேர்க்கோட்டு மூலங்களாக, அதாவது நடுக்கம் பிறக்கும் இடங்களாக, எடுப்பது ஒன்று. வட்டாரம் முழுவதையும் ஒரே பரப்பாகக் கொண்டு, எங்கு வேண்டுமானாலும் வரலாம் என்று எடுப்பது மற்றொன்று. தென்னிந்தியாவுக்கு இரண்டையும் செய்து பார்த்து விடைகளை அருகருகே வைப்பதே நேர்மை. பிளவுகளை மட்டும் எடுத்த அறிக்கை, பிளவு அருகில் இல்லாத மனைக்கு அநியாயத்துக்குக் குறைவான எண்ணைத் தரும்.

மூலத்தின் உச்ச அளவையும் தீர்மானிக்க வேண்டும். இதுவரை வந்ததில் பெரியதை எடுத்து 0.5 வரை கூட்டுவது வழக்கம். 2011இல் ஜப்பானின் தோஹோகு கடற்பகுதியில் 9 அளவில் வந்தது, அந்த நாட்டு வரைபடங்கள் அங்கே எதிர்பார்த்ததைவிடப் பெரியது. 869ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை விட்டுச்சென்ற மணல் படிவுகள் அங்கே முன்பே கண்டறியப்பட்டிருந்தும் கணக்கில் அந்த அளவு ஏறவில்லை. கருவியும் ஆவணமும் மிக அதிகம் உள்ள நாட்டிலேயே இப்படி என்றால், நம் 0.5ஐ எவ்வளவு நம்புவது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

படி 4: எத்தனை ஆண்டுக்கு ஒன்று?

குட்டன்பர்க், ரிக்டர் என்ற இருவர் கண்ட விதி இது: எந்த வட்டாரமானாலும் அளவு ஓர் எண் கூடினால் எண்ணிக்கை ஏறத்தாழ பத்தில் ஒன்றாகக் குறையும். அந்தக் குறையும் வேகத்தை பி மதிப்பு என்பார்கள். சரியாகப் பத்தில் ஒன்று என்றால் பி = 1. பட்டியலிலிருந்து அதைக் கணக்கிட ஜப்பானிய அறிஞர் அகி 1965இல் ஒரு சுலப வழி தந்தார். முழுமையான பட்டியலில் உள்ள நடுக்கங்களின் சராசரி அளவிலிருந்து, நீங்கள் எடுத்துக்கொண்ட மிகக் குறைந்த அளவைக் கழியுங்கள், 0.434ஐ அந்த விடையால் வகுங்கள். சராசரி 4.43, குறைந்தது 4.0 என்றால் பி கிட்டத்தட்ட 1. அளவுகளைத் தசமத்துக்கு முழுமையாக்கியிருந்தால் ஒரு சிறு திருத்தம் உண்டு, அதை இங்கே விடுகிறேன்.

ஒரு கற்பனை உதாரணம். 300 கிலோமீட்டர் வட்டத்துக்குள் அளவு 4க்கு மேற்பட்டவை 2 ஆண்டுக்கு ஒன்று வருகின்றன என்று வைப்போம். பி = 1 என்றால் 5க்கு மேற்பட்டது 20 ஆண்டுக்கு ஒன்று, 6க்கு மேற்பட்டது 200 ஆண்டுக்கு ஒன்று. இப்போது பி 0.9 என்று வைத்துப் பாருங்கள். 6க்கு மேற்பட்டது 126 ஆண்டுக்கு ஒன்று என்று ஆகிவிடும். பத்திருபது நடுக்கங்களை வைத்துக் கணக்கிட்ட பி மதிப்பில் 0.1 பிழை சர்வ சாதாரணம்.

இதே உதாரணத்தை இன்னும் ஒரு படி நீட்டினால் கில்லாரிப் புதிர் அவிழும். 6க்கு மேற்பட்டது 200 ஆண்டுக்கு ஒருமுறை, வட்டத்துக்குள் எங்கு வேண்டுமானாலும். அது உங்கள் மனைக்கு 30 கிலோமீட்டருக்குள் வர என்ன வாய்ப்பு? 30 கிலோமீட்டர் வட்டத்தின் பரப்பு, 300 கிலோமீட்டர் வட்டத்தில் நூறில் ஒன்று. ஆகவே 20,000 ஆண்டுக்கு ஒருமுறை. நம் எழுதப்பட்ட வரலாறு முழுவதையும் எடுத்தாலும் அதில் பத்தில் ஒரு பங்குதான் வரும். அந்த ஊரில் யாருடைய பாட்டனுக்கும் பூட்டனுக்கும் நினைவு இருக்காது, கல்வெட்டில் இருக்காது, பட்டியலில் நிச்சயம் இருக்காது. ஆனால் அதே வட்டத்துக்குள் அப்படி நூறு ஊர்கள் இருக்கின்றன, 200 ஆண்டுக்கு ஒருமுறை அவற்றில் ஏதோ ஒன்றுக்குச் சீட்டு விழுகிறது. தீபகற்பம் முழுவதையும் எடுத்தால், 1967இல் கொய்னா, 1993இல் கில்லாரி.

தனி மனைக்காரர் 20,000 ஆண்டு என்று கேட்டு நிம்மதியாகத் தூங்கலாம், அவர் கணக்குச் சரிதான். மாநிலம் முழுவதற்கும் கட்டட விதி எழுதுகிறவருக்கு அந்த நிம்மதி கிடையாது. ஒரே எண்ணை இருவரும் வேறு வேறாகப் படிக்க வேண்டும்.

படி 5: தூரத்தில் எவ்வளவு தேயும்?

மூலத்தில் இவ்வளவு, மனையில் எவ்வளவு? இதற்குத் தணிவுச் சமன்பாடுகள் இருக்கின்றன. தீபகற்பத்துக்கென்று ரகுகாந்த், ஐயங்கார் இருவரும் 2007இல் வெளியிட்ட சமன்பாடு பரவலாகப் புழங்குகிறது. கலிபோர்னியாவுக்கு எழுதியதை அப்படியே இங்கே போடக் கூடாது. நம் பழைய, இறுகிய பாறையில் அலைகள் தேயாமல் நெடுந்தூரம் போகும்.

நெடுந்தூரம் என்பதற்கு அகமதாபாத் சாட்சி. பூஜ் பூகம்பத்தின் மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த நகரம் அது. அங்கே ஓர் அரசு அலுவலகக் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்த கருவி சுமார் 0.11 ஜி பதிவு செய்தது. அந்த ஆட்டத்துக்கே நகரில் பல அடுக்குமாடிகள் படுத்துவிட்டன. அகமதாபாத்தும் சென்னையைப் போல மண்டலம் 3 என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கொய்னாவின் எண்ணையும் சொல்லிவிடுகிறேன்: அணையில் இருந்த கருவி 0.63 ஜி வரை காட்டியது. அளவு 6.5ஐத் தாண்டாத நடுக்கம், ஆனால் அணைக்குப் பக்கத்திலேயே. அருகில் வந்தால் நடுத்தர அளவே போதும்.

படி 6: எல்லாவற்றையும் ஓர் எண்ணாக்குவது

1968இல் ஆலின் கார்னெல் என்ற அமெரிக்கப் பொறியாளர் போட்டுக்கொடுத்த வழியில்தான் இன்றும் உலகம் போகிறது. ஒவ்வொரு மூலத்துக்கும், ஒவ்வோர் அளவுக்கும், ஒவ்வொரு தூரத்துக்கும், மனையில் 0.1 ஜி-யைத் தாண்ட என்ன வாய்ப்பு என்று கணக்கிட்டு எல்லாவற்றையும் கூட்டுவது. பிறகு 0.15க்கு, 0.2க்கு என்று அதையே திரும்பச் செய்தால் ஒரு வளைகோடு வரும். கையால் முடியாது, ஓப்பன்குவேக் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. இந்தியாவுக்கு இதே முறையில் ஆர்.என். ஐயங்கார் தலைமையிலான குழு தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்காக ஒரு வரைபடம் செய்து தந்திருக்கிறது. உங்கள் அறிக்கையின் எண்ணை அதனுடன் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

அறிக்கையில் ‘475 ஆண்டு மீள்காலம்’ என்று வரும். 475 ஆண்டுக்கு ஒருமுறை டைம்டேபிள் போட்டு வரும் என்று இதைப் புரிந்துகொள்கிறவர்கள் அதிகம். ஓர் ஆண்டில் வராமல் போகும் வாய்ப்பு 474/475. அதை 50 முறை பெருக்கினால் 0.90. அதாவது 50 ஆண்டு ஆயுள் உள்ள வீட்டின் வாழ்நாளில் அந்த ஆட்டம் ஒருமுறையாவது வர 10 சதவீத வாய்ப்பு. வீட்டுக்கு இது பரவாயில்லை என்று உலகம் ஒப்புக்கொண்டிருக்கிறது. மருத்துவமனைக்கு? அங்கே 2,475 ஆண்டு எண்ணையும் கேளுங்கள். அது 50 ஆண்டில் 2 சதவீதம்.

இன்னொன்றையும் கேளுங்கள். பி மதிப்பு மாறினால், தணிவுச் சமன்பாடு மாறினால், வட்டாரத்தை ஒரே பரப்பாக எடுத்தால், விடை எதிலிருந்து எது வரை போகிறது? நல்ல அறிக்கை இந்தக் கிளைகளுக்கெல்லாம் எடை கொடுத்து ஒரு வீச்சாகத் தரும். ‘0.1273 ஜி’ என்று நான்கு தசமத்தில் ஒற்றை எண் மட்டும் இருந்தால், என்னைக் கேட்டால், அறிக்கையைத் திருப்பி அனுப்பலாம். நூறு ஆண்டுப் பட்டியலிலிருந்து நான்காவது தசமம் வராது.

படி 7: உங்கள் மண்

இதுவரை வந்த எண் கெட்டிப் பாறைக்கானது. மனை பாறை மேல் இல்லை.

1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோவின் பசிபிக் கரையில் 8 அளவில் பூகம்பம் வந்தது. 350 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்த மெக்சிகோ நகரில் ஆயிரக்கணக்கானவர்கள் இறந்தார்கள். நகரின் ஒரு பகுதி பழைய ஏரிப் படுகை மேல் இருக்கிறது. சுமார் 40 மீட்டர் ஆழத்துக்குக் குழைந்த களிமண், அதில் வெட்டலையின் (மண்ணைப் பக்கவாட்டில் ஆட்டிச் செல்லும் அலை) வேகம் விநாடிக்கு 80 மீட்டர் மட்டுமே. மண் அடுக்கின் இயல்பான ஆட்டக் காலம், அதாவது ஒருமுறை ஆடி முடிக்கும் நேரம், கண்டுபிடிக்க ஆழத்தை நான்கால் பெருக்கி வேகத்தால் வகுங்கள்: 160ஐ 80ஆல் வகுத்தால் 2 விநாடி. தூரத்திலிருந்து வந்த அலைகளில் அதே 2 விநாடித் தாளம் இருந்தது, மண் அதைப் பிடித்துக்கொண்டு பெருக்கியது. மாடி ஒன்றுக்கு 0.1 விநாடி என்பது கட்டடங்களுக்கான தோராயக் கணக்கு. அங்கே அதிகம் விழுந்தவை ஆறு முதல் பதினைந்து மாடி வரை உள்ளவை. விரிசல் விடவிட அவற்றின் ஆட்டக் காலம் நீண்டு மண்ணின் தாளத்தோடு சேர்ந்துகொண்டது. ஒரு மாடி, இரண்டு மாடி வீடுகள் பெரும்பாலும் தப்பின.

சென்னைக்குள்ளேயே பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் பாறை கைக்கெட்டும் ஆழத்தில் இருக்கிறது. பள்ளிக்கரணையில் சதுப்புக் களிமண். இரண்டுக்கும் ஒரே மண்டல எண். 2004லும் 2012லும் சுமத்ராவில் பூகம்பம் வந்தபோது சென்னையில் மாடியில் இருந்தவர்கள் ஆட்டத்தை உணர்ந்து கீழே ஓடிவந்தார்கள். அவ்வளவு தூரம் பிழைத்து வருவது நீண்ட ஆட்டக் காலம் உள்ள அலைகள்தான்.

செய்ய வேண்டியது: சாயில் டெஸ்ட் எடுக்கும்போது அஸ்திவாரத் தாங்குதிறனை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். துளைக்குள் 63.5 கிலோ சம்மட்டியை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போட்டு, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி என்று எண்ணுவார்கள். அதுதான் ‘என்’ (N) மதிப்பு. 30க்கு மேல் என்றால் கெட்டி, 10 முதல் 30 நடுத்தரம், 10க்குக் கீழே மென்மை. ஒவ்வொரு ஆழத்துக்குமான இந்த எண்களைத் தாளாகக் கேட்டு வாங்குங்கள். பெரிய திட்டம் என்றால் வெட்டலை வேகத்தையும் அளக்கச் சொல்லுங்கள். தரையில் வரிசையாக உணரிகளை நட்டு, சம்மட்டியால் இரும்புத் தகட்டில் அடித்து, ஒரே நாளில் முடியும் வேலை.

கடற்கரைப் பக்கம், ஆற்றோரம் என்றால் மண் குழம்பாவதையும் பாருங்கள். தளர்ந்த மணல், மேலாகவே நிலத்தடி நீர், ‘என்’ (N) மதிப்பு குறைவு, இவை மூன்றும் சேர்ந்தால் ஆட்டத்தில் மணல் கூழாகி வீடு அமிழும். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் 2011 பிப்ரவரி நடுக்கத்தைத் தொடர்ந்து ஏறத்தாழ 8,000 வீட்டு மனைகளை இனி குடியிருக்க ஆகாது என்று அரசு கைவிட வைத்தது, பெரும்பாலும் இந்தக் காரணத்தால். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மனை வாங்குகிறவர்கள் பத்திரத்தைப் பார்க்கும் கவனத்தில் பாதியை இதற்குக் கொடுக்கலாம்.

படி 8: எண்ணைக் கட்டடத்துக்குள் கொண்டுபோவது

விதித்தொகுப்பின் சூத்திரம் சிறியது. மண்டல எண்ணை 2ஆல் வகுத்து, கட்டடத்தின் முக்கியத்துவ எண்ணால் பெருக்கி, மண்ணும் ஆட்டக் காலமும் சேர்ந்து தரும் நிறமாலை மதிப்பால் (தரையைவிடக் கட்டடம் எத்தனை மடங்கு ஆடும் என்பது) பெருக்கி, குறைப்பு எண்ணால் வகுக்க வேண்டும்.

சென்னையில் 1,000 டன் எடையுள்ள ஒரு சாதாரண அடுக்குமாடி. மண்டல எண் 0.16, முக்கியத்துவம் 1, நிறமாலை உச்சம் 2.5, குறைப்பு எண் 5. விடை 0.04. அதாவது 40 டன் பக்கவாட்டு விசையைத் தாங்கும்படி வடிவமைத்தால் போதும். இதே கட்டடம் மதுரையில்? அங்கே மண்டலம் 2 என்பதால், வளைந்து தாங்குவதற்கான சிறப்புக் கம்பி விவரங்கள் இல்லாத சாதாரணச் சட்டகம் அனுமதிக்கப்படுகிறது, அதன் குறைப்பு எண் 3. மண்டல எண் 0.10 வைத்துக் கணக்கிட்டால் 0.042, அதாவது சுமார் 42 டன். அபாயம் குறைந்த மதுரையில் சென்னையைவிடச் சற்றுக் கூடுதல் விசைக்குக் கட்டச் சொல்கிறது விதி!

இதில் தவறில்லை, ஆனால் புரிந்துகொள்ள வேண்டும். சென்னைக் கட்டடம் முறியாமல் முழுவதும் மீள்தன்மையோடு நிற்க வேண்டுமானால், உச்ச ஆட்டத்தில் அதன் மேல் வரக்கூடியது 1,000 டன்னில் 0.16 × 2.5, அதாவது 400 டன். நாம் கொடுத்தது 40; 2ஆலும் 5ஆலும் வகுத்ததால் பத்தில் ஒன்று. மீதியை வளைந்து, நெளிந்து, விரிசல் விட்டு, ஆனால் விழாமல் சமாளிப்பேன் என்று கட்டடம் வாக்குக் கொடுத்திருக்கிறது. 5 என்ற குறைப்பு எண் அந்த வாக்குதான். அதை நிறைவேற்ற என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்வது ஐ.எஸ். 13920; மண்டலம் 3 முதல் கட்டாயம்.

அகமதாபாத்தில் விழுந்தவற்றில் பல, கீழே கார் நிறுத்த வெறும் தூண்களும் மேலே சுவர் நிறைந்த மாடிகளுமாக இருந்தவை. ஆட்டம் முழுவதும் அந்தக் கீழ்த்தளத் தூண்களிலேயே வந்து விழுந்தது. ஸ்டில்ட் பார்க்கிங் இல்லாத அடுக்குமாடி இன்று சென்னையில் அபூர்வம். கீழ்த்தளத்தில் போதிய வெட்டுச்சுவரோ (பக்கவாட்டு விசையைத் தாங்கும் கான்கிரீட் சுவர்) தாங்கு சட்டமோ இருக்கிறதா என்று வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள். லிஃப்ட் அறையைச் சுற்றி கான்கிரீட் சுவர் ஒன்று இருக்கிறது என்று பதில் வந்தால், அது கட்டடத்தின் ஒரு மூலையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். மூலையில் ஒற்றைச் சுவர் கட்டடத்தை முறுக்கும்.

பிறகு, தூணுக்குக் கான்கிரீட் போடும் நாளுக்கு முந்தைய மாலை சைட்டுக்குப் போங்கள். பலகை அடிப்பதற்கு முன்பு கம்பிக்கூடு திறந்திருக்கும். தூண் கம்பிகளைச் சுற்றிக் கட்டியிருக்கும் ரிங்குகளின் கொக்கியைப் பாருங்கள். அது 135 பாகையில் வளைந்து, நுனி தூணின் நடுவை நோக்கி உள்ளே போக வேண்டும். 90 பாகையில் எல் போல மடக்கி விட்டிருந்தால், மேலே உள்ள கான்கிரீட் உரிந்ததும் கொக்கி விரிந்துவிடும், தூணின் கம்பி பிதுங்கும். தூணும் பீமும் சேரும் இடத்துக்கு மேலும் கீழும் ரிங்குகள் நெருக்கமாக இருக்கின்றனவா, சேரும் இடத்துக்கு உள்ளேயும் ரிங் போட்டிருக்கிறார்களா என்று எண்ணுங்கள். அங்கே கை நுழையாது, கட்டுவது சிரமம், ஆகவே அடிக்கடி விட்டுப்போவது அந்த இடம்தான். இல்லையென்றால் கம்பி கட்டுகிறவரிடம் சண்டை போட வேண்டாம்; பொறியாளரை அழைத்து, பார் பெண்டிங் தாளில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். தாளிலேயே 90 பாகை என்று போட்டிருந்தால், நீங்கள் கணக்கில் எடுத்த 5 உங்கள் கட்டடத்துக்குப் பொருந்தாது. கான்கிரீட் வண்டியை அன்று வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.